நடுக்கடலில் ஒரு நீர்ப்பாய்ச்சி

கான்சாபுரத்து வேல்பாண்டியைப் போல இன்னொரு ஆளை இந்த வட்டாரத்தில் எவனாவது காட்டட்டும், பார்க்கலாம். நம் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போனவன் தெருவுக்குத் தெரு இருக்கிறான். பாய்மரப் படகில் இந்துமாக்கடலைக் கடந்தவன் இவன் ஒருத்தன்தான். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். செகந்திராபாத்தில் பட்டாளத்தில் இருந்தபோது அங்குள்ள ஏரியில் படகோட்டப் பழகி, பந்தயத்தில் கோப்பையே வாங்கியவன்.

பென்ஷனோடு ஊருக்கு வந்து நெல்லும் தென்னையுமாக இருந்தவனைத் தேடி வந்தார் ராஜபாளையத்து நவநீதகிருஷ்ணன். சரக்குக் கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். கொச்சியில் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வாங்கி நிறுத்தியிருந்தார். அங்கிருந்து மொரீசியஸ் வரைக்கும் நடுவில் எந்தக் கரையையும் தொடாமல் போய்ச் சேர வேண்டும். அவருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். மூன்றாவது ஆள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபித், டீசல் இன்ஜின் மெக்கானிக். வேல்பாண்டியை முதல் நாளே மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

படகு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மாட்டுக்கொட்டகை நீளம்தான் இருக்கும். அதற்குள் அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம். மூன்று பேரும் முறை போட்டுச் சுக்கான் பிடிக்க வேண்டும்; ஒருவன் பிடிக்கும்போது மற்றவர்கள் தூங்கலாம். மேல்தளத்துக்கு வந்தால் இடுப்பு வாரைப் படகோடு மாட்டிக்கொள்ள வேண்டும். கடல் தண்ணீரில்தான் குளியல். அடுப்பு படகோடு சேர்ந்து ஆடும். அதில் வேல்பாண்டி ஒரு சொட்டு சிந்தாமல் ரசம் வைத்தான். விடிந்ததும் மேல்தளத்தில் பறவைக்கோலா மீன் துள்ளிக் கிடக்கும். அது அன்றைக்குக் குழம்பு. ஆபித் கொண்டுவந்த பால்கோவா மட்டும் கொச்சிக் கரை மறைவதற்குள் தீர்ந்துவிட்டது.

முதல் வாரம் நல்ல காற்று. பூமத்தியரேகையை நெருங்கியதும் காற்று செத்துவிட்டது. பாய் தொங்கிப்போய்க் கிடந்தது. போதாததற்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷினின் பம்பும் மண்டையைப் போட்டது. ஆபித் கழற்றிக் கழற்றி மாட்டியும் அது அசையவில்லை. தொட்டியில் பாதித் தண்ணீர், தனியாகச் சில கேன்கள். அவ்வளவுதான்.

“மழை வந்தா என்னை எழுப்பு வேல்பாண்டி, நான் வந்து பிடிச்சுக்கிடுதேன்” என்று கேப்டன் சொல்லியிருந்தார்.

ஒரு மத்தியானம் தெற்கே கருத்துக்கொண்டு மழை வந்தது. வேல்பாண்டி எழுப்பவில்லை. மழை பிடிக்கக் கான்சாபுரத்துக்காரனுக்கு ராஜபாளையத்து ஆள் சொல்லித் தரணுமா? அவன் அப்பா சோலைச்சாமி ஊர் நீர்ப்பாய்ச்சி. கண்மாய் மடையைத் திறந்து வயல் வயலாக முறைத்தண்ணீர் பிரித்துக் கொடுத்த மனிதர். கோடை கழிந்து வரும் முதல் மழையில் ஒரு பொட்டு வீணாகப் போனாலும் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. மண்வெட்டியோடு நனைந்துகொண்டே போய் வரத்துக்காலைக் கண்மாய்க்கு வெட்டிவிடுவார். அந்த ரத்தம் சும்மா இருக்குமா? பாயில் விழுந்து வழிந்த தண்ணீரைக் குழாய் வைத்து அப்படியே தொட்டிக்குள் விட்டான். மழை செத்த நேரத்தில் நின்றுவிட்டது. தொட்டி முக்கால் நிறைந்ததைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டான்.

ஆபித் டீ போட்டுக் குடித்தான். குடித்த வேகத்தில் துப்பினான்.

“மாமா, டீக்கு உப்புப் போடுத பழக்கம் உங்க பட்டாளத்துல உண்டா?”

கேப்டன் ஒரு வாய் வைத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் வந்தால் அவருக்கு வீட்டுப் பாஷையான தெலுங்கு வரும்.

“ஏமய்யா! பாய் முழுக்கக் கடலுப்பு காஞ்சு ஒட்டிக் கிடக்கு. எந்த மழையிலயும் மொதத் தண்ணி அதைக் கழுவுத தண்ணி. அதைக் கடல்லதான் விடணும். தொட்டியில எவன் விட்டது?”

“நான்தான் சார்.”

ஏரியில் ஓட்டிய பாயில் ஏது உப்பு? தெரியாமல் செய்ததுதான். ஆனால் தெரியாது என்று அவன் வாயைத் திறக்கவில்லை.

“சோத்துக்கு உப்பு மிச்சம்” என்றான் ஆபித்.

கேப்டன் வரைபடத்தை விரித்தார். “இனிக் கேன் தண்ணிதான். அது பாதியாகுத வரைக்கும் பாப்போம். பொறவும் மழை இல்லேன்னா இன்ஜினைப் போட்டு மாலத்தீவுக்குத் திருப்பிர வேண்டியதுதான்.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேல்பாண்டிக்கு நெஞ்சில் முள் தைத்தது. ஒரு மனுசனின் ஆசை தன் கையால் கெடுவதா?

“கேன் வச்ச பெட்டிச் சாவி என்கிட்ட இருக்கட்டும் சார். முறை வச்சுத் தாரேன்.”

அன்றிலிருந்து படகுக்கு அவன்தான் நீர்ப்பாய்ச்சி. நீர்ப்பாய்ச்சி தன் வயலுக்குக் கடைசியில்தான் தண்ணீர் விட வேண்டும் என்பது ஊர்க்கட்டு. இங்கேயும் அதேதான். முதல் தம்ளர் கேப்டனுக்கு, அடுத்தது ஆபித்துக்கு, கடைசியாக அவனுக்கு. அவன் தம்ளர் பாதிதான் இருக்கும். உதடு வெடித்துப்போயிற்று.

“ஏன் மாமா, ஒங்க தம்ளரு மட்டும் சின்னதா?”

“ஏலே, பேசாம குடி. கிழடுக்கு எம்புட்டுத் தண்ணி வேணும்!”

கேப்டனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேன்கள் பாதிக்கு வந்தன. மறுநாள் காலையில் திருப்புவதாகப் பேச்சு.

அந்தக் காலையில் வானம் இருண்டது. இந்தத் தடவை வேல்பாண்டி ஓடிப்போய் முதலில் கேப்டனை எழுப்பினான். உப்புத் தண்ணீரை முன்னமே இறைத்துக் கடலில் கொட்டியிருந்ததால் தொட்டி காலியாக நின்றது. மழை சடசடவென்று பாயில் அடித்தது. குழாயைக் கையில் பிடித்த வேல்பாண்டி அதைத் தொட்டிக்குத் திருப்பவில்லை. படகுக்கு வெளியே நீட்டிவிட்டான். தண்ணீர் கொட்டுகொட்டென்று கடலில் விழுந்தது.

“மாமா, போகுது! மழை நின்னுரப் போகுது!” ஆபித் கத்தினான்.

வேல்பாண்டி விரலை நனைத்து நாக்கில் வைத்தான். கரித்தது. மழை லேசாகக் குறைந்தது. கேப்டன் அவன் கையையே பார்த்தார். போன மழையைப் போல இதுவும் நின்றுவிட்டால் கதை முடிந்தது. மறுபடி நாக்கில் வைத்தான். இன்னும் கரிப்பு. குழாயை நகர்த்தவில்லை. தாகத்தில் நாக்கு ஒட்டிக் கிடக்க, தண்ணீரைக் கண்ணெதிரே கடலுக்குக் கொடுத்துக்கொண்டு நிற்க, எப்பேர்ப்பட்ட நெஞ்சு வேண்டும்!

மூன்றாம் தடவை வாயில் விட்டவன் விழுங்கினான். குழாயைத் தொட்டிக்குத் திருப்பினான். அப்புறம் பிடித்த மழை, தொட்டி வழிந்த பின்னும் விடவில்லை. பின்னாலேயே காற்றும் வந்து பாயை உப்ப வைத்தது.

வேல்பாண்டி தம்ளரை நிறைத்துக் கேப்டனிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. “இன்னைக்கு நீர்ப்பாய்ச்சி வயலுக்குத்தான் மொதத் தண்ணி. குடிய்யா” என்றவர், சுக்கானை மொரீசியஸ் பக்கமே பிடித்துக்கொண்டார்.

ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேல்பாண்டி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன மாமா யோசனை?”

“எம்புட்டுத் தண்ணி வீணாப் போச்சு மாப்ள. நாத்தங்காலே நனைஞ்சிருக்கும்.”