உரிக்காத பிளாஸ்டிக்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஊசி அக்கா என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கிட்டார் வாசிக்கும் குழுவிலும் அதே பெயர்தான். வருகிறவர்கள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடி, ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் ஒட்டுவது அவள் வேலை. மற்றவர்கள் இடது கைச் சுட்டுவிரலால் தடவி நரம்பைக் கண்டுபிடிப்பார்கள். அவளால் அது முடியாது. காலம் காலமாகக் கிட்டார் கம்பியை அழுத்தி அழுத்தி இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போய்விட்டன. அந்த நுனிகளுக்கு நரம்பும் ஒன்றுதான், மேசை விளிம்பும் ஒன்றுதான். அதனால் வலது கையால் தடவி, இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, பிறகு அதே கையில் ஊசியை எடுப்பாள்.

"ஒண்ணு கிட்டாரை விடு, இல்ல இந்த வேலையை விடு" என்று தலைமை மருத்துவர் ஒருமுறை கத்தினார்.

"ரெண்டுல எதை விட்டாலும் உங்க தலைவலிதான் சார் அதிகமாகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். கோபம் அவளுக்கு மூக்குக்கு மேலேயே இருக்கும். ஆனால் அவள் போடுகிற ஊசி வலித்தது என்று யாரும் சொன்னதில்லை.

அவளுடைய கிட்டார் கறுப்பு. ஓரமெல்லாம் பெயின்ட் போய் மரம் தெரியும். சுருதி முறுக்கும் சாவிகளில் ஒன்று உடைந்து, அந்த இடத்தில் வேறு நிறச் சாவி உட்கார்ந்திருக்கும். பார்ப்பதற்கு லட்சணமில்லை, சொன்ன பேச்சைக் கேட்கும். குழுவில் மொத்தம் நாலே பேர். அவள் அண்ணி பாடுவாள். பள்ளி வேன் ஓட்டுகிறவன் டிரம்ஸ் வாசிப்பான். அவனை எல்லோரும் டப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பரிசோதனைக் கூடத்தின் கணக்கர் பேஸ் கிட்டார். அண்ணன் ஆரம்பத்திலிருந்தே கூட வருவான், ஒயர் சுருட்டுவான், கடைசி வரிசையில் உட்கார்ந்து குறை சொல்லுவான்.

குழாய், பீங்கான், குளியலறைச் சாமான் விற்கிற கடை அண்ணனுக்கு. ஐம்பது வயது முடிந்ததும் அவனுக்கு ஓர் ஆசை கிளம்பியது. ஒரு சிக்னேச்சர் மாடல் எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கிவிட்டான். உலகப் புகழ் பெற்ற வாசிப்புக்காரர் ஒருவர் தன் கிட்டாரைப் போலவே ஒன்றைச் செய்யச் சொல்லி, அதன் தலைப்பக்கம் தன் கையெழுத்தைப் போட்டுக்கொள்ள விடுவார். அவ்வளவுதான் விஷயம். கையெழுத்து இல்லாத அதே கம்பெனிக் கிட்டாரைவிட விலை மூன்று மடங்கு. வெல்வெட் பெட்டி, சான்றிதழ், துடைக்க ஒரு துணி. அந்தத் துணியில்கூடக் கையெழுத்து!

ஊசி அக்காவுக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், கொஞ்சம் பொறாமையும்தான்.

"மரம் அதே மரம், கம்பி அதே கம்பி. கையெழுத்து வாசிக்குமா அண்ணே?"

"இதெல்லாம் உனக்குப் புரியாது. வருஷம் ஆக ஆக விலை ஏறும்டி."

"அப்ப வாசிக்க வாங்குனியா, விக்க வாங்குனியா?"

புதுச் செல்போன் திரையில் வருவதுபோல, கிட்டாரின் கம்பிகளுக்குக் கீழே இருந்த வெள்ளைத் தகட்டில் மெல்லிய பிளாஸ்டிக் ஒன்று ஒட்டியிருந்தது. அண்ணன் அதை உரிக்கவில்லை. உரித்தால் பழையதாகிவிடுமாம், விலை போய்விடுமாம். உரிக்காமலேயே குழுவில் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்து வாசித்தான். வாசித்தான் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.

அன்றிலிருந்து ஒத்திகையில் ஒரு சத்தம் கூடவே வந்தது. அண்ணனின் கை அந்தத் தகட்டில் உரசும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் சரக், சரக். பழி முழுக்க அவள் தலையில் விழுந்தது, ஒலிபெருக்கி அவளுடையது என்பதால். "இவ்வளவு பெரிய கிட்டாரை உன் ஓட்டை டப்பாவுல சொருகினா இப்படித்தான்" என்றான் அண்ணன். அவளும் நம்பித் தொலைத்தாள். சமையலறை மேசையில் ஒலிபெருக்கியைக் கழற்றிப் போட்டு ஒவ்வொரு இணைப்பாக ஈயத்தால் பற்ற வைத்தாள். ஒயரை மாற்றினாள். மட்டமான ஒயரைத் தலையில் கட்டிவிட்டதாகக் கடைக்காரரோடு வாய்ச்சண்டை போட்டாள். பாவம் அந்த மனிதர், அவர் விற்றது நல்ல ஒயர்தான்.

பரிசோதனைக் கூடம் இருக்கும் ஆஸ்பத்திரியின் ஆண்டு விழாவில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். கடைசிப் பாட்டின் நடுவில் பாடகி நிறுத்திவிடுவாள். கிட்டார் மட்டும் தனியாகப் போகும். அந்தத் தனி வாசிப்பை ஊசி அக்கா தானே கட்டியிருந்தாள். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் வந்து உட்காரும் இடைவெளியில் மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சேர்த்தது. கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் அதை ஒருமுறை வாசித்துவிட வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

விழாவுக்கு முந்தின ஒத்திகையில் அண்ணன் பேச்செடுத்தான். "கடைசிப் பாட்டுல தனியா வர்ற இடத்தை நான் வாசிக்கிறேன். இப்படி ஒரு கிட்டாரை வச்சுக்கிட்டு ஓரமா நிக்க முடியுமா?"

அவள் டிரம்ஸ்காரன் டப்பாவைப் பார்த்தாள். "இல்லக்கா, அந்தக் கிட்டாரு முன்னால வந்து நின்னாலே ஒரு கெத்துதான?" என்று இழுத்தான். கணக்கர் கம்பியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி வாயே திறக்கவில்லை. கூடப் பிறந்தவன் பறித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கூட வாசித்தவர்கள் வாயை மூடிக்கொண்டதை எப்படிப் பொறுப்பது? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். அந்தச் சரிக்காகப் பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள்.

விழா மண்டபத்தில் முன்வரிசையில் தலைமை மருத்துவர், பின்னால் நர்சுகள், துப்புரவுப் பணியாளர்கள். மூன்று பாட்டு நன்றாகவே போனது. கடைசிப் பாட்டில் அண்ணி நிறுத்தினாள். அண்ணன் முன்னால் வந்தான். அவள் கட்டிய வாசிப்பின் முதல் வரியிலேயே அவன் விரல் தடுமாறியது, கை தகட்டில் உரசியது. சரக். மறுபடியும் சரக், சரக். முன்வரிசை முகம் சுளித்தது. அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்தான்.

"மன்னிக்கணும். கிட்டார் உலகத்தரம். ஒலிபெருக்கிதான் நம்ம தங்கச்சியோட பழைய டப்பா."

கூட்டம் சிரித்தது.

அவளுக்குக் கண் மண் தெரியவில்லை. தன் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு நேராக அண்ணனிடம் போனாள். வியர்வையில் அந்தப் பிளாஸ்டிக்கின் ஒரு மூலை சுருண்டு எழும்பியிருந்தது. அதைக் கிள்ளிப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சத்தத்துக்குக் காரணம் அதுதான் என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது. அவன் பொத்திப் பொத்தி வைத்ததைக் கிழிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைப்பு. ஒலிபெருக்கி ஒருமுறை பெரிதாகக் கத்தியது. தகட்டில் மிச்சமிருந்த பசையை வியர்வை ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். சத்தம் நின்றது. கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். சுத்தமாக நின்றிருந்தது. உரசும்போது அந்தப் பிளாஸ்டிக்கில் ஏறிய நிலைமின்சாரம்தான் இத்தனை நாளும் ஒலிபெருக்கியில் சரக்கென்றிருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு முழுக் கோபமும் வந்தது. இதற்கா ஒலிபெருக்கியைக் கழற்றிப் பற்ற வைத்தோம்? இதற்கா அந்தக் கடைக்காரரைத் திட்டினோம்?

அண்ணன் பேயறைந்தவன்போல் நின்றான். அவன் தோளிலிருந்து கிட்டாரின் வாரைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "அண்ணி, அந்தக் கடைசி வரியைத் திரும்பப் பாடுங்க" என்றாள். அண்ணி ஒரு நொடி புருஷனைப் பார்த்தாள், பிறகு பாடினாள்.

அவள் வாசித்தாள். எப்படி வாசித்தாள் என்று கேட்டால், கோபமாக வாசித்தாள். சொல்லவே வாய் கசக்கிறது, அது நல்ல கிட்டார். கம்பியை இழுத்த இடத்துக்கு ஸ்வரம் வந்தது, விட்ட பிறகும் நின்றது. மூன்று மடங்கு விலை அதற்குத் தகுமா என்றால், தகாது. ஆனால் இப்படிப் பாடத் தெரிந்த ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு, பிளாஸ்டிக் போர்த்தி, விலை ஏறட்டும் என்று காத்திருந்தானே, அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. வாசித்து முடித்தபோது தலைமை மருத்துவர் எழுந்து நின்று கைதட்டினார்.

மேடைக்குப் பின்னால் அண்ணன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுருண்டு போன அந்தப் பிளாஸ்டிக்கைத் தொடையில் வைத்து நீவி நீவித் தட்டையாக்கிக்கொண்டிருந்தான்.

"நாசமாக்கிட்டியேடி. இனிமே எவன் வாங்குவான்?"

"எவனாவது வாங்க வந்தா சொல்லுண்ணே, நானே வந்து ஒட்டித் தர்றேன்" என்று கிட்டாரை அவன் மடியில் வைத்துவிட்டு வந்தாள். அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

கொஞ்ச நாளில் அண்ணி பரிசோதனைக் கூடத்துக்கே வந்தாள். "அன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்" என்றாள். பிறகு செல்போனை நீட்டினாள். பழைய பொருள் விற்கிற பக்கத்தில் அண்ணன் விளம்பரம் போட்டிருந்தான். கிட்டார் படம், கையெழுத்துப் படம், சான்றிதழ் படம். கீழே ஒரு வரி: 'புத்தம் புதிது போல. ஒரே ஒரு முறைதான் வாசிக்கப்பட்டது.'

ஒத்திகைக்கு ஒத்திகை தோளில் மாட்டிக்கொண்டு குதித்தவன் எழுதிய வரி அது. விலைக்காகப் புளுகியிருப்பான். ஊசி அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"என்னடி?"

"விளம்பரத்தைப் பாத்தேன்ணே."

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. இந்த ஒரு தடவையாவது உண்மையை எழுதியிருக்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, வெளியே காத்திருந்தவரை உள்ளே வரச்சொன்னாள்.