மதில் தாண்டிய டே லில்லி

என் மாமியாருக்கு வேலை செய்த இடத்தில் 'ரிஜெக்ட் அக்கா' என்று பெயர். சட்டைக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. காலரில் ஒரு துளி ஷேடு மாறினாலும் சட்டையைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார். என்னையும் பார்த்த மாத்திரத்தில் ரிஜெக்ட் செய்தவர்தான். அவர் மகள் மூலையிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

ஓய்வு பெற்றதும் அந்தக் கண் தோட்டத்து டே லில்லி மேல் விழுந்தது. காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டுவிடும் பூ. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் வரும்; வெள்ளை மட்டும் லேசில் வராது. வராததுதானே மாமியாருக்கு வேண்டும்? வெளிறிய பூவாகப் பார்த்து, ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றில் பஞ்சுக்குச்சியால் தடவுவார். அந்த விதை முளைத்துப் பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். பூத்ததும் மூக்கருகில் வைத்துப் பார்ப்பார்.

"மஞ்சள்."

அவ்வளவுதான். செடி வேரோடு மதில் தாண்டிப் பறக்கும். அந்தப் பக்கம் குடியிருப்பவர் ஒரு பஸ் டிரைவர். தலையிலேயே விழுந்தாலும் வாய் திறக்காத மனிதர்.

"அத்தை, எனக்கு இது வெள்ளையாத்தான் தெரியுது," என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன்.

"மொதல்ல டாக்டர்கிட்ட கண்ணக் காட்டுங்க மாப்பிள்ளை. காலமெல்லாம் கலர் பார்த்தவகிட்ட வந்து..."

கடைசியில் கண்ணைக் காட்டியது அவர்தான், வாசல் படி தெரியாமல் விழுந்த பிறகு. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம். பல வருஷமாக வெள்ளையெல்லாம் மஞ்சளாகத்தான் தெரிந்திருக்கும் என்றார் டாக்டர். வீடு வரும்வரை மாமியார் பேசவில்லை. நான் ஏங்கிக் கிடந்த அமைதிதான், ஆனால் பாவமாக இருந்தது.

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள் காலை, நேராக ஸ்டூல் போட்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். நானும் பின்னாலேயே எட்டினேன். மதிலோரம் வரிசையாக லில்லி. அதில் ஒன்று பால் மாதிரி பூத்திருந்தது. புதுக் கண்ணை மூடிப் பார்த்தார். பழைய கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஏங்க, இது என் செடிங்க."

டிரைவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். "தெரியும்மா. உங்களுக்கு வெள்ளை பிடிக்காதுபோலன்னு நெனச்சேன்."

சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெயர்த்துத் தரட்டுமா என்று கேட்டார் அவர். வேண்டாம் என்றுவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அவர் வீட்டு நாற்காலியிலேயே பூவுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார் மாமியார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனேன்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க மாப்பிள்ளை," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப நான் தூக்கிப் போட்ட வெள்ளைச் சட்டையெல்லாம்?"



"பூவப் பாருங்க அத்தை. சாயங்காலம் சுருண்டுரும்."