செவலைக்குப் போட்ட சராசரி

முப்பிடாதியம்மாளுக்குக் கோபம் வர பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஆனால் எண்பத்தெட்டாம் வருஷம் அவளுக்கு வந்த கோபம் அப்படிப்பட்டதில்லை. கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும்.

சங்கரன்கோவிலில் இருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற ரோட்டில் ஒரு டிரஸ்ட்காரர்கள் காளைப் பண்ணை வைத்திருந்தார்கள். காளையிடம் விந்து எடுத்து, சுத்துப்பட்டிப் பசுக்களுக்குச் சினை ஊசி போட அனுப்புவார்கள். அவள் புருஷன் மூக்காண்டி அங்கேதான் காளை பிடிக்கிற ஆள். எழுபத்தி நாலில் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தான். பாவம் பார்த்து இவளுக்குப் பாட்டில் கழுவுகிற வேலை கொடுத்தார்கள்.

கழுவ வந்தவள் சும்மா இருந்தாளா? அப்போது பண்ணையில் இருந்த பழைய மாட்டு டாக்டர் அசந்த நேரமெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். ரெண்டு வருஷத்தில், ஒரு சொட்டைப் பார்த்தால் நூற்றுக்கு எத்தனை விந்தணு நேராக ஓடுது, எத்தனை வட்டமடிக்குது, எத்தனை செத்துக் கிடக்குது என்று சொல்லிவிடுவாள். அந்த டாக்டர் நல்ல மனுஷன். கொஞ்ச நாள் சரிபார்த்தார், அப்புறம் அவள் சொன்னதையே எழுதிக்கொண்டார்.

ஊர் விடுமா? "பொம்பளை பாக்குத வேலையாட்டி இது?" என்று குழாயடியில் மதினி கேட்டாள்.

"ஒங்க பசு போட்ட கன்னு நான் பாத்து அனுப்புனதுதான் மதினி. பாலைக் குடிக்கையில மட்டும் கூச்சமா இல்லியோ?" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பழைய டாக்டர் போனார். மெட்ராஸில் இருந்து டாக்டர் பரமசிவன் வந்தார், கூடவே ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. மைக்ராஸ்கோப்புக்கு மேலே கேமரா, பக்கத்தில் டிவிப்பெட்டி, மிஷின் சூடாகாமல் இருக்க அறைக்கு ஏ.சி. ஓடுகிற அணு ஒவ்வொன்றுக்கும் பின்னாலேயே கம்ப்யூட்டர் ஒரு கோடு போட்டு, நூற்றுக்கு இத்தனை என்று காகிதத்தில் அடித்துத் தரும். முப்பிடாதிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மிஷின் மேல் அவளுக்கு என்ன விரோதம்?

காளைகளைத் தரம் பிரிக்கப் போகிறோம் என்றார் டாக்டர். ஒவ்வொன்றுக்கும் மூன்று பரிட்சை. சராசரி நாற்பதுக்குக் கீழே போனால் ஏலம். ஏலம் என்றால் கேரளாவுக்கு லாரி, அங்கே கத்தி. முதலில் மாட்டியது செவலை. குருவிகுளத்துக் கரிசக்காட்டுக் காளை, பண்ணையில் அதன் ஊசியைத்தான் எல்லாரும் கேட்டு வாங்குவார்கள்.

முதல் பரிட்சையில் பதினொன்று வந்தது.

முப்பிடாதி அதே குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தன் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். எழுபதுக்குக் குறையாமல் ஓடுது. ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் அறையில் கிடந்த சிலைடைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். அணு ஓட மாட்டு உடம்புச் சூடு வேண்டும். அவள் எப்போதும் வெந்நீர்ச் செம்பு மேல் சிலைடைக் காட்டி, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் சொட்டு விடுவாள். கம்ப்யூட்டரோடும் சிலைடைச் சூடாக வைக்க ஒரு சூட்டுத்தட்டு வந்திருந்தது. ஆனால் நம்ம ஊர்க் கரண்டில் கம்ப்யூட்டர், ஏ.சி., தட்டு மூன்றையும் ஸ்டெபிலைசர் தாங்கவில்லை. டாக்டர் தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

"சார், ஏ.சி. குளிருல அது எப்படி ஓடும்? வெறச்சுல்லா கெடக்கு."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது முப்பிடாதி. நீ போய்ப் பாட்டிலைக் கழுவு."

ரெண்டாம் பரிட்சையில் ஒன்பது.

மூன்றாவது நாள் அவள் யாரையும் கேட்கவில்லை. டாக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஏ.சி.யை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெயில் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. வெந்நீர்ச் செம்பில் சிலைடைச் சூடு காட்டிக்கொண்டு ஏ.சி. சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டாள். டாக்டர் கத்தினார், மிஷின் கெட்டுப்போகும் என்றார். "கெட்டா நான் ஜெயிலுக்குப் போறேன். ஒரே ஒரு சொட்டு பாருங்க சார்" என்றாள்.

பார்த்தார். டிவி முழுக்கக் கோடு கோடாக ஓடியது. காகிதத்தில் எழுபது.

"இப்ப நம்புதியளா?"

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "பதினொண்ணு, ஒம்பது, எழுபது. சராசரி முப்பது. செவலை தேறலை."

முப்பிடாதி செம்பை டொக்கென்று மேஜையில் வைத்தாள். "மொத ரெண்டும் ஒங்க ஏ.சி. வாங்குன மார்க்கு சார். அதுக்குச் செவலையை ஏன் கழிக்கிய?"

"அது ரெண்டும் மெட்ராஸ் ஆபீஸுக்குப் போயாச்சு. இப்ப தப்புன்னு எழுதினா என்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். ஒங்களுக்கு வாய் இருக்கு, பதில் சொல்லலாம். அதுக்கு இருக்கா?"

"வெளியே போ."

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. செவலையைப் பலகையில் ஏற்ற நாலு பேர் பட்டபாடு பட்டார்கள். முப்பிடாதி அழுதாள். திங்கட்கிழமை கம்ப்யூட்டர் அறைக் கதவில் டைப் அடித்த காகிதம் ஒட்டியிருந்தது: சிலைடைச் சூடாக்கிய பிறகே சோதிக்கவும். இப்படிக்கு டாக்டர் பரமசிவன். மிச்சக் காளைகள் எல்லாம் தேறிவிட்டன.

அப்புறம்தான் மாடு வைத்திருக்கிற சம்சாரிகள் வர ஆரம்பித்தார்கள். சிவகிரியில் இருந்து, கரிவலத்தில் இருந்து, "போன தடவை போட்ட செவலை ஊசிதான் வேணும்" என்று. முப்பிடாதி யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் கையைப் பிடிக்காத குறையாக டாக்டர் அறை வாசலில் கொண்டுபோய் விட்டாள். "செவலை எங்கன்னு சாருக்குத்தான் தெரியும். கேளுங்க."

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் அவளைக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "காளை செத்துப் போச்சுன்னு நீயே சொல்லி அனுப்பக் கூடாதாம்மா?"

"அது தானா சாகலை சார். நல்ல காளைன்னு தெரிஞ்சே கத்திக்கு அனுப்புனிய. அதை நீங்க சொல்லுங்க" என்றாள். கதவைத் திறந்து, வெளியே துண்டோடு நின்ற அடுத்த சம்சாரியை உள்ளே விட்டாள்.