முதல் பிரிண்டர் எது?

எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் வாரப் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு பிரிண்டர்களும் வந்தன. ஒன்றில் ஏஜென்டுகளுக்கான கடிதங்கள் வெள்ளைத்தாளில் வரும். மற்றதில் சந்தாதாரர் முகவரிகள், பசை தடவிய லேபிள்களில் வரும். உதவி ஆசிரியரான எனக்கு அதில் வேலை இல்லை. என் மேஜை பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆபரேட்டர் உழவர்கரையிலிருந்து வரும் பெண். அப்பாவுக்கு மில் வேலை போய்விட்டது. வீடு இவர் சம்பளத்தில்தான் ஓடியது. வேலை நிரந்தரமா இல்லையா என்பதை ஆயுத பூஜை கழிந்ததும் சொல்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

பூஜைக்கு எல்லா இயந்திரங்களையும் கழற்றித் துடைப்பது எங்கள் வழக்கம். அச்சு இயந்திரத்துக்கு உண்டான மரியாதை கம்ப்யூட்டருக்கும் கிடைத்தது. மேனேஜரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒயர்களை உருவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்பச் சொருகினார்.

விடுமுறை முடிந்த காலை, முகவரிகள் வெள்ளைத்தாளில் வந்தன. கடிதங்கள் லேபிள்களில் துண்டு துண்டாக வந்தன. அன்று தபாலுக்குப் போக வேண்டிய இதழ் போகவில்லை.

"பார்த்து அடிக்க வேணாமா? உன்ன நம்பி எப்படிம்மா நிரந்தரம் பண்றது?" என்றார் மேனேஜர்.

"எப்பவும் போலத்தான் சார் அடிச்சேன்."

மதியம் மெட்ராஸிலிருந்து கம்பெனி இன்ஜினியர் வந்தார்.

"கம்ப்யூட்டர் மேல தப்பில்ல. உள்ள ஓடற டாஸ் புரோகிராமுக்குப் பிரிண்டரைத் தெரியாது சார். பின்னாடி முதல் சாக்கெட்டுல எது இருக்கோ, அதுதான் முதல் பிரிண்டர்."

"அது எப்படி சார்?" என்றார் ஆபரேட்டர். "நாங்க வீடு மாத்தினோம். எங்கப்பா பேரு மாறலியே!"

"தபால்காரர் பழைய வீட்டுக்குத்தானே போவார்?"

"போவாரு. அங்க இருக்கறவர எங்கப்பான்னு சொல்ல மாட்டாரே."

எனக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை.

"எங்க வீதிக்கு பிரெஞ்சுக்காரங்க வெச்ச ஒரு பேரு, தமிழ்ல ஒரு பேரு. எதை எழுதினாலும் தபால் வருது. இத்தன பெரிய மிஷினுக்கு அது முடியாதா?" என்றார் மேனேஜர்.

"அது வேற சார்."

"லேபிள் இருக்கற பிரிண்டர் எதுன்னாவது அதுக்குத் தெரியணும்ல?" என்றார் ஆபரேட்டர்.

"லேபிளை எடுத்துட்டு அதுலயே தாளை வெச்சா?" என்றார் இன்ஜினியர்.

ஆபரேட்டர் யோசித்தார். "அப்ப... சாக்கெட்டுக்குப் பேரு வெக்கறதுதான் சரியோ?"

"நீ யார் கட்சிம்மா?" என்றார் மேனேஜர்.

யார், எது, எங்கே என்று பிரித்துப் பார்ப்பது என் தொழில். அன்று எது என்பதும் எங்கே என்பதும் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை.

மேஜைக்குப் பின்னால் குனிந்த இன்ஜினியர், "ஒயர் மாறியிருக்கு. கடைசியா யார் சொருகினது?" என்று கேட்டபடியே இரண்டையும் மாற்றிச் சொருகினார்.

மேனேஜர் பிரிண்டர் மேல் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார். பிறகு ஆபரேட்டரிடம், "உன் நிரந்தர உத்தரவ நீயே அடிம்மா. கையெழுத்துப் போடறேன்."

ஆபரேட்டர் அடித்தார். உத்தரவு லேபிள்களில் வந்தது.

"இவரு சாக்கெட்டுன்னதுமே நான் புரோகிராமுல பிரிண்டர் நம்பரை மாத்திட்டேன் சார்," என்றார் மெதுவாக.

"நான் இப்பத்தான் ஒயரை மாத்தினேன்!" என்றார் இன்ஜினியர்.

"யாரும் எதையும் தொடாதீங்க!"

மேனேஜர் அந்த லேபிள் சுருளைக் கிழித்து, காலியாக இருந்த கடைசி லேபிளில் கையெழுத்துப் போட்டார்.

"இது செல்லுமா சார்?"

"செல்லும். உரிஞ்சிடாம வெச்சிக்க."

ஆபரேட்டர் அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, முதல் பிரிண்டர் எது என்று என்னைக் கேட்டார்.