மசாஃபி மதிலும் ஒரு காதுகுத்தும்

உமாராணியின் மகளுக்கு மூன்று வயதாகியும் காது குத்தவில்லை. குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். உமாராணியின் ஒரே அண்ணனான வீரபாண்டியோ அமீரகத்தில், புஜைராவில் தண்ணீர் டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தான். லீவு கிடைக்காமல் தேதி தள்ளித் தள்ளிப் போய், இந்த முறை லீவும் கிடைத்து, குலதெய்வக் கோயிலில் நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் கம்பெனியின் அரசாங்க வேலைகளைப் பார்க்கும் யஹ்யா அவனைக் கூப்பிட்டு, அவன் பேரில் கேஸ் இருப்பதாகவும், கோர்ட்டில் போய் முடிக்கும்வரை நாட்டைவிட்டு வெளியே போக முடியாது என்றும் சொன்னார்.

என்ன கேஸ் என்பது வீரபாண்டிக்குத் தெரியும். மசாஃபியில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் இறக்கிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தபோது பக்கத்து வீட்டு மதில் சரிந்தது. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அவனும் அதோடு விட்டுவிட்டான்.

விசா புஜைரா, கேம்ப் புஜைரா, டியூட்டி புஜைரா. ஆகவே புஜைரா கோர்ட்டுக்குப் போனான். ஜன்னலுக்குப் பின்னாலிருந்தவர் அவன் அடையாள அட்டை எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, கேஸ் எதுவும் இல்லை என்று கைவிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் தங்கைக்குப் போன் போட்டு, "வந்துருவேன் தாயி" என்று சொல்லிவிட்டான். யஹ்யாவோ மறுபடி பார்த்து, தடை அப்படியே இருக்கிறது என்றார். இன்னொரு நாள் டியூட்டியை விட்டுவிட்டு மீண்டும் அதே ஜன்னலில் நின்றான். அதே பதில்தான்.

திரும்பும் வழியில், பழக்கமான மீராசாவின் கடையில் டீ குடிக்க உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான்.

"மதிலு எங்கய்யா விழுந்துச்சு?" என்று கேட்டார் மீராசா.

"மசாஃபியில, பாய். நம்ம புஜைரா ரோட்டுலதான்."

"மசாஃபியில பாதி ராஸ் அல் கைமா. எந்த ஊரு போலீஸ் வந்துச்சு?"

"போலீஸ்னா போலீஸ்தானே பாய். பயத்துல ஊரையா கேப்பாக?"

"கெட்டுது போ. புஜைரா, ஷார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன், இந்த நாலும் மத்திய அரசு கோர்ட்டு. துபாய், அபுதாபி, ராஸ் அல் கைமா மூணும் அவுங்கவுங்க சொந்தக் கோர்ட்டு. அங்க உள்ள கேஸை இங்க கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவான்."

"தடை மட்டும் எல்லா ஏர்போர்ட்டுக்கும் ஒண்ணா?"

"அது ஒண்ணுதான்" என்று சிரித்தார் மீராசா. வீரபாண்டி டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தான்.

ராஸ் அல் கைமாவில் கேஸ் இருந்தது. ஆனால் விசாரணைக்குக் கொடுத்த தேதி காதுகுத்துக்கு மறுவாரம். போன வாரமே வந்திருந்தால் முன்னதாகக் கிடைத்திருக்கும் என்றார் அங்கிருந்த எழுத்தர். லீவைத் தள்ளி வைக்கவும் வழியில்லை. அவன் இடத்தில் ஓட்டவிருந்த ஆளுக்கும் அடுத்து ஊருக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று.

தண்ணீர் நிரப்பும் வரிசையில் வண்டியை நிறுத்தியபடி தங்கையைக் கூப்பிட்டான்.

"நம்ம மாயாண்டி மடியில வச்சுக் குத்திரு, உமா. சித்தப்பா மகன், அவனும் மாமன்தான்."

"அவனா? புள்ளையோட சேந்து அவனும் கவுந்துருவான்ணே."

"காலையிலயே குத்திரு. வெயில் ஏறுறவரைக்கும் தெளிவாத்தான் இருப்பான்."

அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை தள்ளி வச்சா என்னண்ணே?"

"வேண்டாம் தாயி. நான் வாரதுக்குள்ள அவ காது முத்திப்போயிரும்."

சரி, மொட்டை போடும்போது மட்டும் வீடியோவில் வா என்றாள் உமாராணி. பின்னாலிருந்த டேங்கர்க்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே, "பாய், ஜல்தி!" என்று கத்தினான். வரேன் என்று அவளுக்குச் சொன்னானா அவனுக்குச் சொன்னானா என்று தெரியாமலே, வீரபாண்டி வண்டியை முன்னால் நகர்த்தினான்.