தங்கையின் பக்கத்தை நான் திருத்தியது

என் தங்கை மஹய்யாவவில் ஓர் அறைக்குள் ஒற்றைத் தையல் மெஷினை வைத்துக்கொண்டு சிறுமிகளுக்குப் பட்டுப்பாவாடை தைக்கிறாள். கடை எடுக்க வசதியில்லை. அதனால் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் தொடங்கி, தைத்ததையெல்லாம் படம் பிடித்துப் போட்டாள். முதல் படத்துக்கு முதல் கருத்து ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் எங்கள் அத்தையிடமிருந்து வந்தது. "பின்னால தொங்குற கர்ட்டன் நீங்க குடிவந்தப்ப நாங்க குடுத்ததுதானே?"

பாவாடையைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

அத்தை குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசையில் சிக்னல் இல்லை. மத்தியானம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வந்து வரிசையில் நிற்கும்போதுதான் கிடைக்கும். அதனால் அவருடைய கருத்து தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். பெரும்பாலும் ஒரே சொல்: "சாப்டியா?" கெலிஓயாவில் இருக்கும் மாமா, தன் மகளின் இடுப்பளவை எல்லோரும் பார்க்க எழுதுவார். மயில்நீலப் பாவாடை ஒன்றின் கீழே யாரோ ஒரு மரணச் செய்தி போட, அனுதாபங்கள் வரிசையாக வந்தன. நடுவில் ஒரு வாடிக்கையாளர் விலை கேட்டிருந்தார். அவருக்குப் பதில் கிடைக்கவேயில்லை.

அந்தப் பக்கத்தை மலேசியாவில், ஈப்போவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் பார்த்திருக்கிறார். பட்டுத்துணியைத் தான் அனுப்புவதாகவும், தங்கை தைத்துத் தந்தால் இருவர் பக்கத்திலும் போட்டுச் சேர்ந்து விற்கலாம் என்றும் எழுதினார். இன்னும் ஒரு வாரம் பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் சொன்னார். இது சரிவந்தால் தங்கை இன்னொரு மெஷின் வாங்கலாம். கார்மன்ட் வேலை போய் வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணை அதில் உட்கார வைக்கலாம். அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே சொல்லியும்விட்டாள்.

"அண்ணே, வெளிநாட்டு ஆள் பாக்கப் போகுது. கொஞ்சம் ஒழுங்கு பண்ணித் தாங்க," என்றாள்.

பத்திரிகை மேசையில் பல வருடம் உட்கார்ந்து பிறர் எழுதியதை வெட்டியவன் நான். இரண்டு பிற்பகல்களில் வேலையை முடித்தேன். பட விளக்கங்களில் எழுத்துப்பிழை திருத்தினேன். அளவுகளை ஒரே முறையில் எழுதினேன். வியாபாரத்துக்குத் தொடர்பில்லாத கருத்துகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். கர்ட்டன் கருத்தில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் எடுத்தேன். இனிமேல் வெள்ளைத் துணிக்கு முன்னால் வைத்துப் படமெடுக்கும்படி தங்கையிடம் சொன்னேன். பக்கம் பளிச்சென்று இருந்தது. எனக்குத் திருப்திதான்.

மூன்றாம் நாள் ஈப்போவிலிருந்து வீடியோ கோல். நானும் பக்கத்தில் இருந்தேன். துணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் தன் மலேசியப் பேச்சில் திடீரென்று கேட்டார்: "அக்கா, ஒங்க பக்கத்துல இருந்த ஆளுங்கல்லாம் எங்க? அதப் படிக்கத்தான் நான் தெனமும் வருவேன் லா."

முன்பு ஒருமுறை அழகான படங்களை நம்பி எங்கேயோ துணி அனுப்பியிருக்கிறார். துணி போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கமே காணாமல் போய்விட்டதாம்.

"இத்தன சொந்தக்காரங்கள வச்சுக்கிட்டு இவங்க ஏமாத்திட்டு எங்க ஓடப்போறாங்கன்னு நெனச்சேன். இப்பப் பாத்தா வேற யாரோட பக்கம் மாதிரி இருக்கு," என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கோலை வைத்துவிட்டார்.

தங்கை கொழுந்து நிறுக்கும் நேரம் வரை காத்திருந்தாள். அத்தைக்குக் கோல் எடுத்தாள். அவர் எடுக்கவில்லை. மாமாவைக் கேட்டால், தன் கருத்துகள் போனதை அத்தை முதல் நாளே கவனித்திருக்கிறார். 'புள்ள பெரிய ஆளாயிருச்சு' என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மூன்று மத்தியானமாக அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

நீக்கியதைத் திரும்ப எடுக்க முடியாது. பத்திரிகையில் பிழை போனால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். தங்கையின் பக்கத்தில் இப்படிப் போட்டேன்: 'திருத்தம். இப்பக்கத்திலிருந்து உறவினர்களின் கருத்துகள் நீக்கப்பட்டன. தவறு தைப்பவருடையதல்ல, அவருடைய அண்ணனுடையது. வருந்துகிறோம்.'

மறுநாள், கொழுந்து நிறுக்கும் நேரத்தில் பதில் வந்தது. "வருந்துறவன நேர்ல வந்து சொல்லச் சொல்லு. நீ சாப்டியா?"

அன்று பின்னேரம் அதன் கீழே ஈப்போவிலிருந்து ஒரு வரி. "அத்தை, துணி அனுப்புறேன். அக்கா சாப்பிட்டாங்களான்னு நானும் கேக்குறேன்."

மறுநாள் அத்தை அவரிடம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார். ஈப்போக்காரர் தன் அப்பா, பெரியப்பா, அவர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினார். பிழைகள் நிறைய. நான் கை வைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஹுன்னஸ்கிரியவுக்குப் போய், லயத்து வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அத்தை சோறு போட்டார். 

துணி வந்து, தைத்த முதல் பாவாடை அரக்குச் சிவப்பு. வெள்ளைத் துணியை எடுத்துவிட்டு, பழையபடி கர்ட்டனுக்கு முன்னால் வைத்துத் தங்கை படமெடுத்தாள். மத்தியானம் வரை இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாவாட நல்லா இருக்கு," என்று எழுதியிருந்தார் அத்தை. "அந்தக் கர்ட்டன ஒரு தடவ தொவச்சுப் போடக் கூடாதா?"