டாக்டருக்குப் போன பிராது

எழுபத்திரண்டோ எழுபத்து மூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. அப்போது நாங்கள் விருத்தாசலத்தில் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஒரு பீங்கான் கம்பெனியில் சூளையில் சாமான் அடுக்கும் வேலை. எங்களுக்கு ஒரே பெண், ஏழு வயது. வாய் ஓயாது. தெருவில் போகிற நாயைக்கூட நிறுத்தி எந்த ஊர் என்று விசாரிப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு தை மாதத்தில் பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாவதாக உண்டாகியிருந்தேன். ஏழாம் மாதத்தில் ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினேன். பார்க்க வந்த பெண்களெல்லாம் "புள்ள தங்கல" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சின்னதுக்கு என்ன தெரியும் என்று நானும் சொல்லவில்லை. அவள் பேசவில்லை என்பதையே ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

மந்திரித்தோம், கயிறு கட்டினோம், வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினோம். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்த டாக்டர் ஒரு கோளாறும் இல்லை என்றார். கோபத்தில் நான் இரண்டு அடி அடித்தும் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வாயில் சத்தம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "பேசாத புள்ளைய வெச்சிக்கிட்டு நான் எப்படிங்க பாடம் நடத்துறது? வெளியூர்ல ஊமைப் புள்ளைங்களுக்குன்னே ஸ்கூலு இருக்குது, ஹாஸ்டலும் இருக்குது. லீவு முடிஞ்சதும் அங்க சேத்துடுங்க" என்றார். கணவர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். இருந்த ஒரு பிள்ளையும் வீட்டை விட்டுப் போகப்போகிறது என்று அன்றைக்கு நான் உலை வைக்கவே இல்லை.

கணவரோடு வேலை பார்த்தவரின் தங்கை புதுச்சேரியில் நர்ஸ். ஹாஸ்டலுக்கு அனுப்பும் முன்னால் அங்கே பிள்ளைகளை மட்டும் பார்க்கும் ஒரு லேடி டாக்டரிடம் காட்டச் சொல்லி அவள்தான் சொன்னாள். போனோம். டாக்டர் என்னைவிடச் சின்னவர். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. தரையில் பாயைப் போட்டு, மரப்பொம்மைகளும் ஒரு பொம்மை வீடும் வைத்துக்கொண்டு என் பெண்ணோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் வைத்தியம். புதன்கிழமைதோறும் வரச் சொன்னார். மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை.

"வெளையாடுறதுக்கு எங்க வூட்டு வாசல் இல்லீங்களா டாக்டரம்மா? இதுக்குத்தான் விடியக் காத்தால எழுந்து ரெண்டு பஸ்ஸு மாறி வர்றமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நியாயமான கேள்விதாங்க்கா. வாயால சொல்ல முடியாதத குழந்தைங்க வெளையாட்டுல சொல்லும்னு படிச்சிருக்கேன். எல்லாக் குழந்தைக்கும் பலிக்குதான்னு எனக்கே முழுசாத் தெரியாது. எங்க பெரிய டாக்டருங்களே சிரிக்கிறாங்க. அதனாலதான் ஒவ்வொரு குழந்தையப் பத்தியும் எழுதிவெச்சிக்கிட்டு வர்றேன். குணமானதையும் எழுதறேன், ஆகாததையும் எழுதறேன்" என்றார். வைத்தியம் முடிந்த பிறகும் இரண்டு வருஷத்துக்கு அவ்வப்போது கடிதம் போட்டுக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பாராம், நான் பதில் எழுத வேண்டுமாம். எனக்குத் தெரியாது என்று வாய்விட்டுச் சொன்ன டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கெஞ்சி ஆறு மாதம் தவணை வாங்கினோம்.

என் பெண் வாரா வாரம் ஒரே விளையாட்டைத்தான் விளையாடினாளாம். சின்னப் பொம்மை ஒன்றை எடுத்துப் பொம்மை வீட்டுக்கு வெளியே வைத்துக் கதவைச் சாத்துவாளாம். ஒரு புதன்கிழமை, "இந்தப் பாப்பா ஏன் வெளிய போவுது?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். எத்தனையோ மாதம் கழித்து என் பெண் வாய் திறந்தாள். "நான்தான் போகச் சொன்னேன். அதான் தங்கல."

டாக்டர் அவளிடமே அனுமதி கேட்டுவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நான் வயிற்றோடு இருந்தபோது ஒருநாள் அவளைத் தூக்க முடியாது என்று சொல்லியிருந்தேன். அவள் கோபத்தில் என் வயிற்றில் வாயை வைத்து, "தம்பி வேணாம், போயிடு" என்று கத்தினாள். நான் சிரித்தேன், மறந்தும் போனேன். நமக்கெல்லாம் பிள்ளை தங்கவில்லை என்றால் இறந்துவிட்டது என்று தெரியும். வீட்டுக்கு வந்தவர்களை "தங்கிட்டுப் போங்க" என்று உபசரிப்பதைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? தன் வாய் விரட்டியதால்தான் தம்பி தங்காமல் போனான் என்று முடிவுகட்டி, அந்த வாயைச் சாத்தி வைத்திருக்கிறாள்.

அவளை மடியில் இழுத்துப்போட்டு அழுதேன். தம்பி வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டான், யார் சொல்லியும் அப்படி ஆகாது, நீ சொன்னதால் ஆகவே இல்லை என்று சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. திரும்பி வரும்போது நெய்வேலி தாண்டியதும் என் முந்தானையை இழுத்து, "தம்பிய எங்கம்மா வெச்சீங்க?" என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அடுத்த சில வாரங்களில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஹாஸ்டல் பேச்சு நின்றது. நாய்கள் மறுபடி மாட்டிக்கொண்டன.

டாக்டர் சொன்னபடியே கடிதம் போட்டார். பதிலுக்குத் தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளேயே இருக்கும். "குழந்தை நலம். தங்கள் நலம் அறிய ஆவல்" என்று இரண்டு முறை எழுதினேன். இரண்டும் நிஜம்தான்.

மூன்றாவது கடிதம் வந்தபோது நான் மறுபடி நாலு மாதம். வயிற்றில் பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பேசியதைக் கேட்ட அன்றே என் பெண் திரும்பவும் வாயை மூடிவிட்டாள். அந்தப் புண்ணியவதி டாக்டரம்மா பட்ட பாடெல்லாம் வீண் என்று எந்தக் கையால் எழுதுவது? மேலும் கடிதம் என்றால் நலம் என்றுதானே எழுதிப் பழக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். "குழந்தை நலம்" என்று எழுதி மடித்தேன்.

ஆனால் மனசு கேட்குமா? மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். போலீஸில் புகார் எழுதுவதுபோல நம் குறையைத் தாளில் எழுதிச் சாமி முன்னால் வைத்து, அங்கே இருக்கும் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். கடிதத்துக்குத் தாள் கிழித்த அதே நோட்டில் இன்னொரு தாளைக் கிழித்து, சாமிக்கு ஒளிக்காமல் எழுதினேன். என் பெண் மறுபடி பேசுவதில்லை, எனக்குப் பிரசவத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது, டாக்டரம்மாவுக்கு நலம் என்று பொய் எழுதியிருக்கிறேன், அந்தப் பாவத்தையும் நீயே மன்னிக்க வேண்டும் என்று எழுதி அதையும் மடித்தேன். ஒன்றை உறைக்குள் வைத்துத் தபால் பெட்டியில் போட்டேன், ஒன்றைக் கோயிலில் கட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் டாக்டர் நிற்கிறார். கையில் என் பிராது. தாள் மாறிப்போயிருக்கிறது! கொளஞ்சியப்பருக்கு "தங்கள் நலம் அறிய ஆவல்" என்று எழுதிய ஒரே பக்தை நானாகத்தான் இருப்பேன். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

"மன்னிச்சுடுங்க டாக்டரம்மா. உங்க மனசு நோவக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தேன்.

அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "என் மனசு கெடக்குதுக்கா. நீங்க நலம்னு எழுதினா நான் நலம்னு குறிச்சிக்குவேன். நாளைக்கு இதே மாதிரி இன்னொரு புள்ள வந்தா, பேச்சு வந்துடுச்சு, போதும்னு அனுப்பிடுவேன். அம்மா மறுபடி உண்டானா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாமலே போயிடும்" என்றார். பிறகு, "வேற எத்தன பேரு எனக்கு மரியாதைக்கு நலம்னு எழுதியிருக்காங்களோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நல்லெண்ணத்தில் செய்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் செய்த தப்பு புரிந்தது.

புதன்கிழமைப் பஸ் மறுபடி தொடங்கியது. இந்த முறை பெண்ணிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறாம் மாதம் இருக்கும், ஒருநாள் மத்தியானம் அவள் என் பக்கத்தில் வந்து படுத்தாள். வயிற்றில் கை வைத்து, கிசுகிசுவென்று, "இந்தப் பாப்பாவாவது தங்குமாம்மா?" என்று கேட்டாள். தங்கும் என்று சொல்லத்தான் நாக்குத் துடித்தது. "தெரியலடி. எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா என்ன ஆனாலும் அது உன்னால இல்ல" என்றேன். அவள் நன்றாக யோசித்துவிட்டு, "அப்ப ரெண்டு பேரும் பயப்படலாம்" என்றாள். மறுநாள் காலையில் சத்தமாகத் தோசை கேட்டாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண்தான். குறை தீர்ந்ததும் பிராதை வாபஸ் வாங்குவது முறை என்பதால் கோயிலுக்குக் கிளம்பினேன். "நலம்னு எழுதிக் கட்டுனத என்னான்னு சொல்லி வாபஸ் வாங்குவ?" என்று என் கணவர் சிரித்தார். கும்பிட்டுவிட்டு மட்டும் வந்தேன்.

இரண்டு வருஷம் முடிந்ததும் டாக்டரின் கடைசிக் கடிதம் வந்தது. சில பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள், சிலர் தேறவில்லை, இரண்டையும் அப்படியே எழுதிப் பெரிய டாக்டர்களிடம் கொடுத்துவிட்டேன் என்று இருந்தது. என் பிராது கைக்கு வந்த பிறகு கடிதத்தை நம்பாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரிலேயே போய்ப் பார்த்தாராம். வீட்டில் அடுத்த குழந்தை வரும்போது பழையபடி ஆகலாம், அப்போது பிள்ளையை மறுபடி வரவழைக்க வேண்டும் என்பதை உங்கள் பெண்ணிடம் கற்றேன், அதனால் இப்போது இன்னொரு பையனை விடாமல் பார்த்து வருகிறேன் என்றும் எழுதியிருந்தார். யார் அந்தப் பையன், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. நான் மூடி மறைக்கப் பார்த்த அந்தக் கெட்ட நாட்கள்தான் முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு மருந்தாகப் போயிருக்கின்றன.